ஃபென்னாவின் கப்பலுக்குப் போன வழி

என் அக்கா ஃபென்னா கேப்டன் ஆன செய்தி வந்தபோது அம்மா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். போனை நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, ஜூன்லேர்ந்து கப்பல் என் கையில. பூடோவிலேர்ந்து மொஸ்கெனெஸ் போற அதே கப்பல்தான். இத்தன நாள் துணை கேப்டனா நின்னேன், இனிமே நான்தான் கேப்டன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு."

சரியாகத்தான் கேட்டிருந்தது. மூன்று முறை சொல்ல வைத்தாள்.

போனை வைத்ததும் அப்பா ஹின்ரிக் எழுந்து நின்றார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கோடையில் வேலை இல்லை. "போறோம். கார எடுத்துக்கிட்டு நார்வே போறோம். இம்கே, நீயும் லீவு போடு," என்றார் என்னிடம்.

"போகலாம். ஆனா கப்பல்ல ஏற மாட்டேன்," என்றாள் அம்மா.

என் அம்மா டோம்மாவுக்குக் கடல் ஆகாது என்பது எங்கள் லேர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணமான புதிதில் அப்பாவோடு நார்டர்னை தீவுக்குப் போனாள். கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் தீவு அது. போகும் வழி முழுக்க வாந்தி. திரும்புகிற நாளில் கப்பலில் கால் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, நாலு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் வந்து சேர்ந்தவள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. அக்கா இத்தனை வருடம் கப்பலில் வேலை பார்த்தும், அந்தக் கப்பலை அம்மா போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

அன்று மாலையே சமையலறை மேசையில் வரைபடம் விரிந்தது. ஒரு மூலையில் தேநீர்க் கெண்டி, இன்னொரு மூலையில் கற்கண்டுக் கிண்ணம். அப்பாவின் திட்டம் எளிமையானது. கீல் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஏறினால், தூங்கி எழுந்ததும் ஆஸ்லோ.

"நீ தூங்குவ. நான் கழிவறையில உக்காந்திருப்பேன்," என்றாள் அம்மா. பென்சிலை எடுத்து அவளே ஒரு கோடு போட்டாள். டென்மார்க் பாலங்கள், ஸ்வீடனுக்குப் போகும் பெரிய பாலம், பிறகு ஸ்வீடன் முழுவதும் வடக்கே ஏறி, நார்வீக் பக்கமாகச் சுற்றி, தரைவழியாகவே லொஃபோட்டன் தீவுகளுக்கு. தீவுக்குத் தீவு பாலமும் சுரங்கமும் இருக்கிறதாம். ஒரு சொட்டுக் கடல் கிடையாது. "மொஸ்கெனெஸ் துறையில நிக்கறேன். அவ கப்பல் வரும். கண்ணாரப் பாக்கறேன்."

அப்பா கோட்டின் நீளத்தைப் பார்த்தார். "டோம்மா, இவ்ளோ தூரம் ஓட்டிக்கிட்டுப் போய், நம்ம பொண்ணு ஓட்டற கப்பல கரையில நின்னு பாப்பியா? அதுக்கு அவ அனுப்பற போட்டோவே போதுமே."

அவர் கேலியாகத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

காலையில் நான் சமையலறைக்குப் போனபோது அவள் போட்ட கோடு அழிக்கப்பட்டிருந்தது. ரப்பர் துகளை ஊதித் தள்ளிக்கொண்டே, "கடல்தான் எனக்கு ஆகாது. ஆறு ஆகுதான்னு பாக்கலாம். ஞாயித்துக்கிழம பெட்கும் போலாம்," என்றாள்.

பெட்கும் எங்கள் பக்கத்துக் கிராமம். அங்கே எம்ஸ் ஆற்றைக் கடக்க ஒரு படகு உண்டு. இரண்டு கார் ஏறினாலே நிறைந்துவிடும். போகும்போது அம்மா காருக்குள் கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தாள். "டோம்மா, நாம இன்னும் கெளம்பவே இல்ல," என்றார் அப்பா. அக்கரையில் ஹெரிங் மீன் வைத்த பன் சாப்பிட்டோம். அம்மா வெங்காயத்தை மட்டும் தின்றாள். திரும்பும்போது காரைவிட்டு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்து நின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

"உள்ள உக்காந்தாத்தான் தல சுத்துது. வெளிய நின்னா பரவால்ல," என்றாள், பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதுபோல. பெரிய கண்டுபிடிப்புதான்.

ஈஸ்டருக்கு எல்பே ஆற்றுக்குப் போனோம். அங்கே ஆறு கடலாகவே தெரியும். நடுவில் ஒரு சரக்குக் கப்பல் கடந்துபோக, அதன் அலையில் எங்கள் படகு ஆட, அம்மா கம்பிக்கு வெளியே தலையை நீட்டினாள். துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ," என்றாள். அக்கரை போய்த் திரும்பினோம். "இன்னொரு தடவ." டிக்கெட் கிழிக்கிறவர், "அக்கரையில ஏதாவது மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

திட்டம் அப்படித்தான் வளர்ந்தது. நார்வே கடற்கரையோடு ஒரு சாலை வடக்கே பூடோ வரை போகிறது. நடுநடுவே கடல் குறுக்கிடும். ஒவ்வோர் இடத்திலும் சின்னக் கப்பல் காத்திருக்கும். மற்றவர்கள் அந்தச் சாலைக்குப் பயப்படுவது இந்தக் கப்பல்களால்தான். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததும் கைவிட்டுப் போகும். அம்மாவுக்கு அதுவே படிக்கட்டாகத் தெரிந்தது. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் கூடப் பாலத்தை விட்டுவிட்டுச் சிறிய கடல்களைத் தேர்ந்தெடுத்தாள். எங்கே தங்குவது, எந்தக் கப்பல் தவறினால் எந்த ஊரில் காத்திருப்பது, அப்பா முதுகு எப்போது பிடித்துக்கொள்ளும் என்பது வரை யோசித்து வைத்தாள். கடைசிப் படியில் ஃபென்னாவின் கப்பல்.

"அக்காகிட்ட சொல்லவா?" என்று கேட்டேன்.

"மூச்சு விடாத. தெரிஞ்சா என்னப் பத்தியே யோசிச்சிக்கிட்டு இருப்பா. அவ கப்பலப் பத்தி யோசிக்கட்டும்."

ஆகவே ஃபென்னாவுக்கு நாங்கள் தரைவழியாக வந்து மொஸ்கெனெஸ் துறையில் காத்திருக்கப் போகிறோம் என்றே தெரியும்.

ஜூனில் கிளம்பினோம். டென்மார்க் போகும் கப்பலில் அம்மா வெளிறிப்போனாள், ஆனால் நின்றாள். ஸ்வீடனுக்கான நீரிணையில் பாட்டு முணுமுணுத்தாள். நார்வேயில் ஐந்தாவது படகா ஆறாவதா, நினைவில்லை, நடுக்கடலில் உள்ளே போய் ஒரு அப்பம் வாங்கி வந்தாள். அங்கே கப்பல்களில் வெண்ணெய் தடவி மடித்துத் தருவார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே முழுசாகத் தின்றாள். அப்பா கேமராவை எடுத்தார். கல்யாணப் படத்தில்கூட அம்மா அவ்வளவு நிமிர்ந்து நிற்கவில்லை.

பூடோவில் வரிசையில் போய் நின்றபோது காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபென்னாவின் கப்பல் வாயைத் திறந்து நின்றது. கார்கள் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது: அக்கரைத் துறையில் அலை அதிகம், இன்றைய பயணங்கள் இல்லை, இது கேப்டனின் முடிவு.

எங்களுக்குப் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வீட்டு வண்டி; அதிலிருந்து ஸ்டுட்கார்ட்காரர் ஒருவர் இறங்கினார். "இதெல்லாம் ஒரு காத்தா? புதுசா ஒரு பொம்பளைய கேப்டனாப் போட்டிருக்காங்களாம். பயந்துட்டா, வேற என்ன?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். அப்பா, "டோம்மா, விடு," என்றார். விடவில்லை.

"மொய்ன்," என்றாள் அவரிடம். எங்கள் ஊரில் சண்டைக்கும் அதுதான் வணக்கம். "அந்தக் கரையில அலை எவ்ளோ ஒசரம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதனாலதான் அவ மேல நிக்கறா, நாம கீழ நிக்கறோம்."

"நீங்க யாரு, அவளுக்கு வக்கீலா?"

"அவளோட அம்மா."

அவர் தன் வண்டியையும் எங்கள் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் கப்பலின் வாயிலிருந்து மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கி, ஒவ்வொரு காராக நின்று பேசிக்கொண்டே வந்தாள். திட்டுகிறவர்களிடமும் நின்று பதில் சொன்னாள். எங்கள் நீலக் காருக்குப் பத்தடி முன்னால் அவள் பேச்சு நின்றுபோனது.

"அம்மா? நீ எப்படி இங்க?"

"கப்பல்ல வந்தேன்."

"எந்தக் கப்பல்ல?"

"எல்லாத்துலயும்," என்றாள் அம்மா.

ஃபென்னா சிரித்தாள், பிறகு முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டாள். "இன்னிக்குக் கப்பல் போகாதும்மா. நீ வந்திருக்கன்னு தெரிஞ்சிருந்தாலும் போகாது."

"எனக்காக எடுத்திருந்தா நான் ஏறியிருக்கவே மாட்டேன். போ, பின்னால இருக்கறவங்ககிட்டயும் சொல்லிட்டு வா. அந்த வீட்டு வண்டிக்காரர்கிட்ட மரியாதையாப் பேசு, அவர் நம்ம நாட்டுக்காரர்."

மறுநாள் காலை கப்பல் புறப்பட்டது. காற்று அடங்கியும் கடல் அடங்கவில்லை. பாதி வழியில் அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அப்பா உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினார். அவள் கம்பியை விடவில்லை. உள்ளே இருக்கையில் சுருண்டு கிடந்த ஸ்டுட்கார்ட்காரரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அவள்தான் என்னை அனுப்பினாள். "அந்த ஆள வெளிய வரச் சொல்லு. உள்ள இருந்தா செத்துருவாரு." அவர் தள்ளாடிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்தார். எதிரே மலைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்துகொண்டிருந்தன. கரை நெருங்கியபோது அவர், "நல்லாத்தான் ஓட்டறா," என்றார்.

"தெரியும்," என்றாள் அம்மா.

மொஸ்கெனெஸ் துறையில் நுழைவது லேசான காரியமில்லை. இரு பக்கமும் பாறை. அம்மா கப்பலுக்கும் துறைக்கும் நடுவில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓர் ஆறளவு ஆனது, வாய்க்காலளவு ஆனது, பிறகு இல்லாமல் போனது. முட்டியதே தெரியவில்லை. அம்மா அப்பாவின் கையைக் கிள்ளினாள். "பாத்தியா?"

கார்கள் கிளம்பின. அம்மா காரில் ஏறாமல் நடந்தே இறங்கினாள். கோட்டின் முன்பக்கம் கறை. முடி காற்றில் கலைந்த வைக்கோல். துறையின் நடுவில் நின்று திரும்பி, மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஃபென்னா தொப்பியைத் தொட்டாள்.

அப்பா காரை அவள் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "ஏறு டோம்மா, பின்னால வண்டிங்க எல்லாம் நிக்குது."

"நிக்கட்டும்," என்றாள் அம்மா.