குதிரை இறங்கும் இடம்

தலைத் தீபாவளிக்கு அழைக்காத மாமனார், துப்பாக்கி சரியில்லை என்று அழைத்தார். சிவராஜ் போனான். மோட்டார் ரிப்பேர், சாக்கடை அடைப்பு என்று எதற்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பான்.

வைகாசியில் கல்யாணம். ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போன சித்ரகலாவை ஆவணியில் திருப்பி அனுப்பவில்லை, புரட்டாசியிலும் அனுப்பவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அவன் நைட் ஷிப்ட் ஃபிட்டர். விடிந்து வந்து படுத்தால் பொழுது சாயத்தான் எழுவான். லைன் வீட்டின் ஒற்றை அறையில் அவள் சத்தம் வராமல் பாத்திரம் கழுவி, சத்தம் வராமல் நடந்து, வாசலில் உட்கார்ந்து பகலைத் தள்ளினாள். ஒருநாள், "தூங்கற ஆளுக்குக் காவலிருக்கறதுக்கா எங்கப்பன் என்னயக் கட்டிக் குடுத்தாரு?" என்று கேட்டாள். அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான். புரண்டு படுத்தான்.

இப்போது அந்த அறையில் அவன் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். இருந்தும் டம்ளரை மெதுவாகத்தான் வைக்கிறான்.

குன்னத்தூருக்கு முந்திய ஸ்டாப்பில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தான். மாமனார் தங்கவேலு கயிற்றுக் கட்டிலில் துப்பாக்கியைக் கிடத்தி வைத்திருந்தார்.

"வாங்க மாப்ள. எலக்சனுக்குப் போலீஸ் டேசன்ல ஒப்படைச்சுட்டுத் திருப்பி வாங்கிட்டு வரையில வண்டியோட உளுந்துட்டனுங்க. எனக்கு ஒண்ணுமில்ல, அடி பூரா இதுக்குத்தான்."

அவருடைய அப்பா காலத்து லைசென்ஸ். குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டிக் குச்சியால் இடிக்கும் பழைய துப்பாக்கி. குழலின் அடியில் சின்ன மூக்கு ஒன்று துருத்தி நிற்கும். அதன் தலையில் கேப்பு என்கிற செம்புத் தொப்பியை மாட்டி விசையை இழுத்தால், சுத்தியல்போலத் தூக்கி நிற்கும் குதிரை இறங்கிக் கேப்பை அடிக்கும், தீ உள்ளே பாயும். குண்டு போடுவதில்லை. சோளம் பால் பிடித்திருந்தது, கிளியை விரட்ட வெறும் சத்தம் போதும். இப்போது குதிரை வலப்பக்கம் ஒதுங்கி இறங்கியது.

"டவுன்ல துப்பாக்கிக் கடையில குடுக்கலாமுங்களே மாமா?"

"அவன் பொங்கலுக்குத்தான் தருவான். அதுக்குள்ள கிளி என்னயவே தின்னுபோடும்."

குழலில் மருந்து இல்லை என்று குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டான். "பூசிப் பாக்கக் கொஞ்சம் மை வேணுமுங்க" என்றான்.

உள்ளேயிருந்து சித்ரகலா கண்மை டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். வெயிலில் கறுத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்த்தாள். டப்பா அவன் வாங்கிக் கொடுத்ததுதான். மை அடிவரை தீர்ந்திருந்தது. யார் பார்க்க இட்டுக்கொண்டாய் என்று கேட்க வாய் வந்தது. டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டான்.

மூக்கின் தலையில் மையைப் பூசிக் குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கினான். குதிரையின் குழியில் முழு வட்டமாகப் பதிய வேண்டிய மை பிறையாகப் பதிந்தது. குதிரையைக் கழற்றிக் கொட்டாங்குச்சித் தணலில் போட்டுச் சிவக்க வைத்தான். மோட்டார் ரூம் பைப் ரெஞ்சில் கடித்து இடப்பக்கம் வளைத்தான். ஆறவிட்டு மாட்டி மறுபடி மை பூசினான். முக்கால் வட்டம்.

இதுவே வெடிக்கும். ஒரு மாசம் ஓடும். பிறகு திரும்ப ஒதுங்கும், திரும்ப இவர் கூப்பிடுவார். அவன் திருப்புளியை எடுத்துத் திருகை இறுக்கத் தொடங்கினான்.

"சீக்கிரமா முடிச்சுட்டீங்களே மாப்ள" என்றார் தங்கவேலு. "எனக்குக் கண்ணுல பொரை உளுந்துபோச்சு. இப்பெல்லாம் கலாதான் வெடிக்கறா."

திருப்புளி நின்றது. கேப்பு ஓரத்தில் அடிபட்டால் செம்புத் தூள் பக்கவாட்டில் தெறிக்கும். துப்பாக்கியைத் தோளில் வைத்தவர் கண் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். அவன் நிமிர்ந்து பார்த்தான். சித்ரகலாவின் வலது கன்ன எலும்பில் கடுகளவு காயம் காய்ந்திருந்தது.

"இது எப்புடி?"

"தெறிச்சுருச்சுங்க" என்றாள், கொசு கடித்ததுபோல.

அவன் திருகைக் கழற்றினான். மறுபடி தணல், மறுபடி ரெஞ்சு. மை முழு வட்டமாகப் பதிகிற வரை அவன் எழுந்திருக்கவில்லை. பிறகு மருந்து போட்டு முதல் வெடியை அவனே வெடித்தான். சோளக்காட்டிலிருந்து பச்சையாக ஒரு கூட்டம் கத்திக்கொண்டு கிளம்பியது.

"ஒரே அடி!" என்றார் தங்கவேலு. "இனி ஏழு தலைமுறைக்குக் கவலையில்லீங்க மாப்ள."

அதுதான் அவனுக்குக் கவலை.

சாப்பிட்டுக் கிளம்பியபோது அவள் வேலிக் கடவு வரை வந்தாள்.

"இப்பவும் நைட்டுதானுங்களா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "நைட்டுதான். பகலுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டேன். ஆளு இருக்குதுன்னுட்டாரு மேனேசர்."

"மறுக்காக் கேளுங்க."

"கேக்கறேன். அதுவரைக்கும் இங்கயேவா?"

"அங்கயும் தனியாத்தானுங்க கெடந்தேன். இங்க கிளியாச்சும் இருக்குது."

அவன் சிரித்தான். அவளுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. "பகல் வேலைன்னு ஒரு போன் பண்ணுங்க. கூப்புட வர வேண்டாம். பையை எடுத்துட்டு நானே பஸ் ஏறிக்கறேன்."

அவன் தலையாட்டினான். போகாமல் நின்றான்.

"குதிரை மறுபடி ஒதுங்குச்சுன்னா சொல்லியுடு."

"ஒதுங்குமுங்களா?"

"ஒதுங்காது" என்றான்.

ஸ்டாப்பில் நின்றபோது காட்டுப் பக்கம் வெடித்தது. சுத்தமான சத்தம், கேப்பு நடுத்தலையில் வாங்கிய சத்தம். பஸ் வந்தது. இன்னொன்று கேட்குமா என்று அவன் அந்தப் பக்கமே பார்த்து நின்றான்.

"ஏறறீங்களா இல்லீங்களா?" என்றார் கண்டக்டர்.

ஏறினான். எட்டு மணிக்கு ஷிப்ட்.