சுரங்கத்துக் கோழி

ஷஃபீனாவுக்கு வீடியோ கேமில் வரும் கோழியைத் தவிர வேறெதுவும் வயிற்றில் தங்காமல் போனது, கல்யாணமாகி இரண்டாம் வருடம். சோறு, கஞ்சி, இளநீர் எல்லாம் போன வேகத்தில் திரும்பின. ஒருநாள் புருஷன் ஆபித்தின் போனில் பொழுது போவதற்காக அந்தப் பழைய சுரங்க விளையாட்டை ஆடினாள். பேய்களை வெட்டிக்கொண்டு போகிற வழியில், தரையில் கிடந்த வறுத்த கோழியை அவளுடைய வில்காரி எடுத்ததும் இவளுக்கு ஏப்பம் வந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர் குடலில் குறையில்லை என்றார். கோழியை ஹலாலாக அறுத்தது யார் என்று அவர்கள் ஊரான திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பெரியவர் கேட்டார். சமைத்தே கிடக்கிற கோழி என்றதும் அந்தப் பேச்சு நின்றது.

ஆபித் அந்த விளையாட்டு எந்தெந்தக் கருவியில் வந்ததோ அத்தனையும் தேடிப் பிடித்தான். போனில் வந்ததில் படம் பளபளப்பு, ஆனால் ஒரு மணி நேரத்தில் பசி திரும்பியது. கையடக்கக் கருவியில் ஒருத்தியாக ஆட வேண்டும். வயிறு நிறைந்தது, ருசி உப்பில்லாத கஞ்சி. இரண்டு பேர் ஆடும் கேசட்டில் அரை வயிறுதான். ஷஃபீனா துரும்பாக இளைத்தாள். மிச்சம் இருந்தது நாலு பேர் ஆடும் பெட்டி. நாலு கைப்பிடியையும் ஆள் பிடித்தால்தான் அதில் சுரங்கக் கதவு திறக்கும். அவள் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெட்டி காரைக்காலில் அவளுடைய அண்ணன் நூகுவிடம் இருந்தது. சிக்கலே அங்கேதான்.

ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குப் போனபோது கோபித்துக்கொண்டு, அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியேறியவன் நூகு. இனி அந்த வீட்டுச் சகனில் கை வைப்பதில்லை என்று சத்தியமும் செய்திருந்தான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சகனென்று ஒரே தாலத்தில் சாப்பிடுகிற ஊரில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. தங்கை இளைப்பது தெரிந்து அவனுக்கும் தூக்கமில்லை. ஆனால் ரோஷம் விடவில்லை. கடைசியில் அவன் மனைவி சித்திக்காதான் வழி சொன்னாள்.

"வெளையாடுறது சாப்புடுறதாவுமா? பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க."

படம் சோறாகாது என்பது நூகுவுக்கும் நியாயமாகப் பட்டது. ஆனாலும் தன் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுதான் போனான். ஷஃபீனா, ஆபித், நூகு, சித்திக்கா நாலு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள், கதவு திறந்தது. சின்ன வயதில் கோழி கண்ணில் பட்டால் முதலில் பாய்கிறவன் அவன்தான். இப்போது அவனுடைய கோடாலிக்காரன் பேய்களை மறித்துக்கொண்டு நிற்க, தங்கை தின்றாள். மற்ற மூவரும் கோழியைத் தொடுவதே இல்லை என்று ஆனது. வாரங்கள் போயின, அவள் கன்னம் தேறியது. ஒரு வெள்ளிக்கிழமை நூகுவின் ஆள் உயிர் தீர்ந்து தள்ளாடினான். அவன் செத்தால் எல்லோருக்கும் கதவு மூடிவிடும். ஷஃபீனா கோழிக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்கி நின்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நானா, இத நீங்க எடுங்க."

எடுத்தான். பட்டை கிராம்பு மணத்தோடு வயிறு நிறைந்தது, விரலில் நெய் பிசுபிசுத்தது. அந்த வீட்டில் சாப்பிட்டாகிவிட்டது. சத்தியம் போனதில் அவனுக்கு வருத்தமில்லை, நெஞ்சிலிருந்து ஒரு பாரம்தான் இறங்கியது. பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்கையிடம் கை நீட்டினான்.

"தண்ணி குடும்மா."

சத்தியம் முறிந்ததற்கு முறைப்படி பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டான். அது கடைத்தெருக் கோழி. இப்போதெல்லாம் பட்டினத்துக் கல்யாணங்களில் அந்த நாலு பேருக்கும் சகன் வைக்கும்போது எதிரே ஒரு டிவியும் வைக்கிறார்கள். பரிமாறுகிறவர்கள் ஒயர் பிளக் வரை எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.