அக்காவிடம் யாரும் கேட்கவில்லை

"அவளுக்கென்ன, புருஷனா புள்ளையா? இருக்கற ரெண்டுல ஒண்ணைக் குடுத்துட்டுப் போகட்டும்" என்றார் மாமா, தட்டில் கையை உதறியபடி.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார்கள். மாமா சொன்ன 'அவள்' அங்கேதான் நின்றிருந்தாள், மாமாவுக்கே இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டு. வயது முப்பத்தொன்று. குடித்துவிட்டு அடித்த கணவனை விட்டு இரண்டு வருடங்களுக்கு முன் பிறந்த வீடு வந்தவள். வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவள் உபரி. கரண்டி அவள் கையில் சற்றே தயங்கியது. பிறகு மறுபடி பரிமாறியது.

பேச்சு அவளுடைய சிறுநீரகத்தைப் பற்றியது. அது தேவைப்பட்டது அவள் தம்பிக்கு.

தம்பிக்கு இருபத்தாறு வயது. அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றரை வருடத்துக்கு முன்பே கடையைச் சாத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதற்குமேல் ஒரு மடக்கு கூடாது. வேலையோ குடிநீர் வாரியத்தில், புகார் தொலைபேசிக்கு முன்னால். "ரெண்டு நாளா தண்ணி வரலைங்க" என்று யாராவது கத்தினால், "எனக்கு ஒன்றரை வருஷமா வரலைங்க" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். அலுவலகத்தில் அவன் பெயர் 'அரைலிட்டர்'. வைத்ததும் அவனேதான். அடுத்தவன் வைப்பதற்குள் தானே வைத்துக்கொண்டால் வலி குறையும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

தானம் கேட்டுக் காத்திருப்போர் பட்டியலில் அவன் நானூற்றுச் சொச்சமாவது ஆள். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு; டாக்டர் முதல் நாளே இருவரையும் வேண்டாம் என்றுவிட்டார். அண்ணனுக்கு அதே ரத்தப் பிரிவு, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. ஆனால் அவனைப் பரிசோதனைக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை. அவன் ஆண்பிள்ளை, குடும்பஸ்தன். இப்போதும் எதிர் நாற்காலியில் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

'அக்காவை ஒரு வார்த்தை கேட்டீர்களா' என்று அரைலிட்டர் கேட்டிருக்கலாம். அவனோ வழக்கம்போல வாயைத் திறந்து, "இந்த வீட்ல மிச்சம் மீதியெல்லாம் எனக்குத்தான். முதல்ல அண்ணன் சட்டை, அப்புறம் அண்ணன் சைக்கிள், இப்ப அக்கா கிட்னி" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன் வாயின் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த வெறுப்புக்கு அடியில் வெட்கங்கெட்ட ஆசையும் இருந்தது: ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துப் பார்க்கும் ஆசை.

அக்காவின் பரிசோதனைகள் எல்லாம் தம்பிக்குப் பொருந்திவந்த வாரம், அவன் படுக்கைகளை உதறும்போது அவள் தலையணை உறையிலிருந்து ஒரு கடிதம் விழுந்தது. அவள் தையல் வேலை பார்க்கிற ஆடைத் தொழிற்சாலை எழுதியது. வெளியூர்க் கிளைக்கு மேற்பார்வையாளர் பதவி. தங்க அறை உண்டு. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அரைலிட்டர் அதை மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்தான். அன்று முழுக்க அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

தானம் சொந்த விருப்பத்தில்தானா என்று விசாரிக்கும் ஒப்புதல் குழு மருத்துவமனையில் கூடிய அன்று, தாழ்வாரத்தில் அம்மா அக்காவுக்குப் பாடம் எடுத்தாள். "மனசாரக் குடுக்கறேன்னு சொல்லு. அழுதுகிழுது வைக்காதே, சந்தேகப்படுவாங்க." அக்கா தலையாட்டினாள்.

முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த பெண் டாக்டர் கேட்டார்: "உங்க அக்கா சொந்த விருப்பத்துலதான் குடுக்கறாங்களா?"

'ஆமாம்' என்றால் முடிந்தது. நாக்கு வறண்டு கிடந்தது.

"விருந்து வைக்கற வீட்ல கோழியைக் கேக்கற வழக்கம் இல்ல, மேடம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. தெளிவா சொல்லுங்க."

"அக்காவை யாரும் கேக்கல மேடம்." அவன் அதோடு நிறுத்தவில்லை. "நானும் கேக்கல."

டாக்டர் ஃபைலை மூடி, இப்போதைக்கு அனுமதி இல்லை என்றார்.

"கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியேடா பாவி!" என்று அம்மா தாழ்வாரத்திலேயே தலையில் அடித்துக்கொண்டாள். மாமா, "துரை தியாகி ஆயிட்டாரு" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அரைலிட்டர் மனத்துக்குள் தனக்கு ஒரு மாலை போட்டுக்கொண்டான். அக்கா நன்றி சொல்லும்போது எப்படிப் பெருந்தன்மையாகத் தலையசைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

செருப்பைக் கழற்றும் முன்பே அக்கா கேட்டாள்: "யாரைக் கேட்டுடா அப்படிச் சொன்ன?"

"உனக்காகத்தான்க்கா... அந்த லெட்டரைப் பாத்தேன்."

"குடுக்கணும்னு அவங்க முடிவு பண்ணினாங்க. வேணாம்னு நீ முடிவு பண்ணிட்ட. நடுவுல நான்னு ஒருத்தி இருக்கேன்டா!"

மாலை அங்கேயே வாடிப்போயிற்று. ஏதாவது ஒரு ஜோக் கிடைக்குமா என்று துழாவினான். ஒன்றும் அகப்படவில்லை.

"அக்கா... பயமா இருக்குக்கா. எனக்கு உன் கிட்னி வேணும். குடுப்பியா? முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லு."

அவள் கண்கள் நிறைந்தன.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "முதல்ல வேலைல போய்ச் சேர்றேன். ஒரு மாசம் கழிச்சு நானே போன் பண்றேன்."

இரண்டு வருடங்களில் அந்த வீட்டில் அவள் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான்.

"யோசிக்கறதுக்கு என்னடி இருக்கு?" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் சீறியது. "கூடப்பொறந்தவன் உயிருடி!"

"அண்ணனும்தான் கூடப்பொறந்தவன்" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல்.

கூடத்தில் அண்ணன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரைலிட்டர் போய் அவன் எதிரே நின்றான்.

"அண்ணே, உன்னையும் கேக்கறேன். குடுப்பியா?"

அண்ணன் முகம் வெளிறியது. அவன் வாய் திறப்பதற்குள் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். மூத்த மகனின் இடுப்பருகே கையை வைத்து, யாரோ பிடுங்க வந்ததுபோல் மறைத்துக்கொண்டாள்.

"டேய்! அவன்கிட்டப் போய் இப்படிக் கேக்கலாமாடா?"

அப்பாவும் மாமாவும், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவனைப் போல அரைலிட்டரை முறைத்தார்கள். அக்கா மட்டும் ஜன்னலோரம் திரும்பி நின்று தொழிற்சாலைக்குப் போன் போட்டு, முதல் தேதி காலையில் வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.