மாப்பிள்ளைக்குக் கொடுத்த மீன் குஞ்சுகள்

"உங்க குளத்துக்கு மீன் குஞ்சு எங்கிருந்து வந்துச்சு?"

ஃபுல்மணி டோப்போ இந்த ஒரு கேள்வியைத்தான் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வடக்கு அந்தமானில், வங்காள அகதிகள் குடியேறிய எங்கள் ஊருக்குள் அந்த மாட்டுத்தவளை எந்த வழியாக நுழைந்தது, இனி எங்கெல்லாம் போகும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. போர்ட் பிளேயரிலிருந்து வந்தவள். ராஞ்சிக்கார வம்சம் என்றாலும் வங்காளம் எங்களைப் போலவே பேசுவாள்.

அது சாதாரணத் தவளை இல்லை. வாத்துக் குஞ்சை விழுங்கிவிட்டு, அதன் கால் வாயோரம் ஆட ஆட, வரப்பில் உட்கார்ந்து நம்மையே பார்க்கும்.

ஒவ்வொரு வீடும் இன்னொரு வீட்டைக் கை காட்டியது. பிஸ்வாஸ் வீட்டில், மண்டல் கொடுத்ததாகச் சொன்னார்கள். மண்டலின் மனைவியோ, "நிருபமா கொடுத்தா. கை ராசிக்காரி, எல்லாரும் அவகிட்டதான் வாங்குவோம். தவளைக்கும் அவ கை ராசிதான் போல" என்று சிரித்தாள்.

நிருபமா ஹால்தார் முற்றத்தில் அரிவாள்மணை போட்டு மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாஷி" என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டாள் ஃபுல்மணி. "உங்களுக்கு யார் கொடுத்தா?"

"எனக்கு யார் கொடுப்பா? எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப கல்கத்தாவுலருந்து கப்பல்ல வரவழைச்சார். பிளாஸ்டிக் பையில காத்தடைச்சு வந்துச்சு."

"அதுக்குள்ள கறுப்பா, குண்டுத் தலையா, வாலோட?"

"இருந்துச்சும்மா. கெளுத்திக் குஞ்சுன்னு நெனச்சோம். காசில்லாம கெளுத்தி வந்துருக்குன்னு எங்க மாமனாருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் மழையில அது கத்தினதும் மனுஷன் உக்காந்து அழுதார். அந்தக் காலத்துல வங்காளத்து ஆத்தங்கரையில விட்டுட்டு வந்த சத்தமாம். யாரும் அடிக்கக் கூடாதுன்னுட்டார்."

"அன்னிக்கு அவர் அழுதார். இன்னிக்கு வாத்து வளக்கறவங்க அழறாங்க."

"குத்திக் காட்டாதடி. தெரிஞ்சா செஞ்சோம்?"

ஃபுல்மணி தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். "சரி மாஷி. இந்த வருஷம் யாருக்காவது குஞ்சு கொடுத்தீங்களா?"

நிருபமா நடந்ததைச் சொன்னாள்.

முந்தாநாள் மாப்பிள்ளைச் சஷ்டி, மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கும் நாள். அவள் மாப்பிள்ளை தபன் பக்கத்திலுள்ள மோதித்தீவிலிருந்து வந்திருந்தான். கல்யாணத்தின்போது பெண் வீட்டிலிருந்து போன சீர்மீன் மெலிந்திருந்ததாம். சம்பந்தியம்மா ஷெபாலி அதை இன்னும் மறக்கவில்லை. இப்போது அவர்கள் வீட்டில் புதுக்குளம் வெட்டியிருந்தார்கள். அந்தக் குறையைத் தீர்த்துவிட வேண்டும் என்று நிருபமா தன் குளத்தில் வலை போட்டு, ஒரு டிரம் நிறையக் குஞ்சு பிடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். தபன் நேற்றே படகேறிவிட்டான்.

இதைக் கேட்டதும் ஃபுல்மணி எழுந்துவிட்டாள். "மோதித்தீவுல இன்னும் ஒரு தவளைகூட இல்ல மாஷி. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். குளத்துல விட்டாச்சா?"

"நாளைக்கு விடுவாங்க. வியாழக்கிழமை, லட்சுமிக்கு உகந்த நாளாச்சே."

"அப்ப இப்பவே போன் போடுங்க. குளத்துல விடாம தரையில கொட்டச் சொல்லுங்க."

"சஷ்டிக்குக் கொடுத்தத கொட்டச் சொல்றதா? எம்பொண்ணு அந்த வீட்ல வாழணும்மா."

"அவங்களுக்கு என்ன பொழப்பு?"

நிருபமா அரிவாள்மணையை ஒதுக்கி வைத்தாள். "வாத்து."

பிறகு கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தாள். ஷெபாலியேதான் எடுத்தாள்.

"சொல்லுங்க சம்பந்தியம்மா. குஞ்செல்லாம் துள்ளுது. இந்தத் தடவை குறை சொல்ல ஒண்ணுமில்ல. நாளைக்கு ஊரையே கூப்பிட்டிருக்கேன்."

"குளத்துல விடாதீங்க."

"என்னது?"

"அதுல தவளைக் குஞ்சு கலந்திருக்கு. எங்க ஊர்ல வாத்தெல்லாம் தின்னு தீக்குதே, அந்தத் தவளை. தரையில கொட்டிடுங்க. உங்க கால்ல விழறேன்."

"கொடுத்தத திருப்பி வாங்கற குடும்பத்த இப்பதான் பாக்கறேன். ஊருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"செத்த மீன அனுப்பிட்டா, கஞ்சப் பொம்பளன்னு சொல்லுங்க."

"சொல்லுவேன். வருஷம் பூரா சொல்லுவேன்."

"சொல்லுங்க. எம்பொண்ணுகிட்ட மட்டும் வேணாம். என்கிட்டயே நேரா சொல்லுங்க."

எதிர்முனையில் டிரம் உருளும் சத்தம் கேட்டது. வாத்துகள் ஓடிவந்து கத்தின. "கொட்டியாச்சு. போதுமா? வாத்துக்காவது விருந்தாச்சு" என்றாள் ஷெபாலி.

நிருபமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபுல்மணிக்குத்தான் ஏதோ உறுத்தியது. போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "மாப்பிள்ளைகிட்ட கொடுங்க. தம்பி, டிரம்முல கறுப்பா எவ்வளவு இருந்துச்சு?"

"இப்பவா? ஒண்ணுகூட இல்லக்கா. நான்தான் சுத்தமா எடுத்துட்டேனே."

"எங்க எடுத்தீங்க?"

"இங்க படகுத்துறையில எறங்கினதும். தண்ணி சூடாயிடுச்சு, மீன் மூச்சுமுட்டிச் சாகும்னு பாதிய ஊத்திட்டு ஓடைத் தண்ணி மாத்தினேன். எப்பவும் அப்படித்தானே செய்வோம். துண்டுல வடிகட்டுனப்பதான் அதுங்களப் பாத்தேன். மீனில்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. கொல்ல மனசு வரல. ஓடையிலயே விட்டுட்டேன். பாவம், உசுருதானே."

"ஓடை எங்க போகுது தம்பி?"

"எல்லார் வயலுக்கும் பிரிஞ்சு பாயும். ஏன் அக்கா?"

ஃபுல்மணி போனை நிருபமாவிடம் நீட்டினாள். வாங்குவதற்குள் ஷெபாலியின் குரல் மறுபடி வந்துவிட்டது.

"சம்பந்தியம்மா, லைன்ல இருக்கீங்களா? அதான் கொட்டியாச்சே, இன்னும் என்ன விசாரணை?"

"இருக்கேன்" என்றாள் நிருபமா. "நாளைக் காலைப் படகுல நாங்க ரெண்டு பேரும் வலையோட வர்றோம். ஊரக் கூப்பிட்டத நிறுத்தாதீங்க. எல்லாரும் வரட்டும், ஓடையில எறங்க ஆள் வேணும்."

"எதுக்கு?"

"நேர்ல சொல்றேன். கிடைக்குமான்னு தெரியல. கிடைக்கலன்னா, அடுத்த மழைக்கு வாத்துக் குஞ்ச வெளிய விடாதீங்க."