நூற்று எழுபத்திரண்டாம் பக்கம்

காலையில் கதவைத் திறந்தபோது என் நாவல் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. துணிப்பைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவலின் தாள்கட்டு, மேலே கறுப்பு கிளிப். அக்கா வேலைக்குப் போகிற வழியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எப்போதும் மணி அடித்து, உள்ளே வந்து, டீ குடித்து, என் மேசையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத்தான் போவாள். இந்த முறை மணிகூட அடிக்கவில்லை.

என் புத்தகங்களை நானே வெளியிடுகிறேன். எழுதுவது, பக்கம் அமைப்பது, அட்டைப்படத்துக்காக ஓவியரிடம் கெஞ்சுவது, அச்சகத்தோடு மல்லுக்கட்டுவது, வந்த பிரதிகளைப் பழுப்புத்தாளில் சுற்றித் தபால் நிலையத்துக்குத் தூக்கிப் போவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். தபால் நிலையத்தில் எனக்குப் ‘பார்சலம்மா’ என்று பெயர். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை எழுத்து. அந்நேரம் கைபேசி சமையலறை அலமாரியில் பாத்திரங்களுக்குப் பின்னால் கிடக்கும். மதியம் திருத்தம். சாயங்காலம் வாசிப்பு, அதுவும் மொட்டைமாடியில் நடந்துகொண்டே. உட்கார்ந்து படித்தால் தூங்கிவிடுவேன். பன்னிரண்டு வயதிலிருந்து இந்தப் பழக்கம். எத்தனை அடியில் திரும்ப வேண்டும் என்று காலுக்குத் தெரியும்; கண் பக்கத்தை விட்டு எழ வேண்டியதில்லை. எப்போதும் இரண்டு நூலகப் புத்தகங்கள் கையிருப்பில் இருக்கும். அடையாளத்துக்குக் கிடைத்த காகிதத்தைச் செருகிவிடுவேன். மின்கட்டண ரசீது, பேருந்துச் சீட்டு, ஒருமுறை என் பாஸ்போர்ட் புகைப்படம். அதைத் திருப்பிக் கொடுத்த நூலகர், “இது நீங்கதானா?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

என் முதல் வாசகி அக்காதான். அவள் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து பெயர் பதிந்து, வரிசை எண் கொடுத்து, வலியில் வருகிறவர்களைச் சமாதானப்படுத்துகிறவள். ஆள் வராத நேரத்தில் என் தாள்களைப் படிப்பாள். யாராவது வந்தால் நிறுத்திய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அவ்வளவுதான். கருத்து சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். முதல் புத்தகத்தின்போது கேட்டுத் தொலைத்து, மூன்று வாரம் பேசாமல் இருந்தபின் இருவருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஆனால் அந்தப் புள்ளிகளை நான் ரகசியமாகப் படித்துவந்தேன். வாக்கியத்தின் நடுவே புள்ளி இருந்தால், ஆளைக் கண்டதும் தயக்கமே இல்லாமல் என்னைக் கைவிட்டிருக்கிறாள். அந்த இடம் சப்பென்று இருக்கிறது. பத்தியின் முடிவில் இருந்தால், வந்தவரைக் கொஞ்சம் நிற்க வைத்திருக்கிறாள். பக்கத்தின் கடைசியில் இருந்தால், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் எனக்காக வலியைப் பொறுத்திருக்கிறார். என்னுடைய மூன்றாவது நாவலில் அப்படி ஒன்பது பக்கங்கள். வேறு எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

இந்த முறை நூற்று நாற்பதாம் பக்கம்வரை புள்ளிகள் ஒழுங்காக இருந்தன. அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. எழுபத்திரண்டு பக்கங்கள், வெள்ளைவெளேரென்று.

தாள்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று, அவள் மூச்சுவிடாமல் படித்திருக்க வேண்டும். அல்லது நூற்று நாற்பதோடு மூடி வைத்திருக்க வேண்டும். முதலாவது நடக்கிற காரியமில்லை; எழுபத்திரண்டு பக்கம் காக்க வைத்தால் ஊரில் பாதிப்பேருக்குப் பல்லே இருக்காது. இரண்டாவதற்குக் காரணம் இருந்தது. நூற்று நாற்பத்தொன்றில்தான் அந்தப் பதினொரு நாட்கள் தொடங்குகின்றன.

அக்காவுக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது, ‘வந்துவிடுவேன்’ என்று துண்டுச்சீட்டில் எழுதிவைத்துவிட்டு ஒரு நாள் வீட்டைவிட்டுப் போனாள். பதினொரு நாள் கழித்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, படுக்கையில் கிடந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எங்கே போனாள், யாரோடு போனாள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கப் பயந்தார். உதவிக்கு வந்திருந்த சித்தி, கேட்காமலே எல்லாம் தெரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு ஊருக்குப் போனாள். எனக்குப் பத்தொன்பது வயது. கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. முப்பது வருடமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில், கேட்கத் துணிவில்லாததை எழுதிவிட்டேன். என் நாயகியைக் கடலோர ஊர் ஒன்றுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு லாட்ஜ், கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவன், பேசாமல் கழிகிற மாலைகள். அவளுடைய அனுமதியைக் கேட்கவில்லை. கதைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அன்று புதன். அக்கா மனம் நொந்திருந்தால் புத்தகத்தையே நிறுத்திவிடலாம், அது பெரிதில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே, அவள் படித்தாளா இல்லையா என்று துருவ ஆரம்பித்துவிட்டேன். என் புத்தி அப்படி. தாள்களின் ஓரங்களைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூலைகள் லேசாக மடங்கியிருந்தன. நூற்று ஐம்பத்தெட்டில் டீ டம்ளரின் அடிவட்டம் அரைகுறையாக. ஆக, படித்திருக்கிறாள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனபோது நூற்று எழுபத்தொன்றுக்கு அடுத்து நூற்று எழுபத்துமூன்று வந்தது.

கிழித்துவிட்டாளா? அந்த இடம் எனக்கு மனப்பாடம். நூற்று எழுபத்தொன்று இப்படி முடியும்: ‘அவள் திரும்பி வந்ததற்குக் காரணம்’. அடுத்த தாளில் அந்தக் காரணம் இரண்டு பத்தி நீளத்துக்கு வரும். அலையோசை, கடிகாரக்காரனின் மௌனம், எல்லாம் உண்டு. எழுதிய அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

எழுந்து அறைக்குள் நடந்தேன். நடந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். கட்டில்மேல் கிடந்த நூலகப் புத்தகத்தில் வெள்ளையாக ஒரு காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. உருவிப் பார்த்தேன். நூற்று எழுபத்திரண்டு. அக்காவுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள், அடையாளத்துக்கு வேறு காகிதம் அகப்படாமல் நாவலின் தாள்கட்டிலிருந்தே ஒன்றை எடுத்துச் செருகியிருக்கிறேன். முப்பது வருடம் காத்திருந்த கேள்விக்குப் பதில் எழுதி, அந்தப் பதிலை அடுத்தவர் புத்தகத்தில் வைத்து மறந்துபோகிற ஆள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

தாளை அதன் இடத்தில் வைப்பதற்காக நூற்று எழுபத்தொன்றைத் தூக்கினேன். அதன் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் எழுதுகிற அதே நேர்க்கோட்டு எழுத்து.

‘இங்க ஒரு பக்கம் காணோம். காரணம்னு நிறுத்தியிருக்கே. சரி, நானே எழுதிடறேன். கடலும் இல்ல, லாட்ஜும் இல்ல, ஆளும் இல்ல. என்கூட வேலை பார்த்தவ வீடு, நம்ம பின்தெருவுல, மாடி ரூம். பதினொரு நாளும் தூங்கினேன். அம்மா படுத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், ஞாபகம் இருக்கா? ஒரே தூக்கமா நாலு மணி நேரம் தூங்கி ரெண்டு வருஷம். அதான் போனேன். தூக்கம் தீர்ந்துது, வந்துட்டேன். வேற காரணம் இல்ல.

சாயங்காலம் மட்டும் எழுந்து ஜன்னல்கிட்ட உட்காருவேன். நம்ம மொட்டைமாடி நல்லாத் தெரியும். நீ புத்தகத்தை வச்சுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பே. ஒரு நாளாவது தலையைத் தூக்கினா என்னைப் பார்த்துடுவே, பார்த்தா இறங்கி வந்துடலாம்னு நினைச்சேன். பதினொரு நாளும் நீ தூக்கவே இல்ல.’

ராத்திரி இரண்டு மணி எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பரீட்சை இருந்தது. எனக்கு எப்போதும் பரீட்சை இருந்தது. அந்தப் பதினொரு நாளில் மாடியில் என்ன புத்தகம் படித்தேன் என்றுகூட நினைவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், அழுகை முட்டிக்கொண்டு வருகிறபோதே, இந்தப் பென்சில் வரிகளுக்கு முன்னால் என் இரண்டு பத்தியும் நிற்காது என்று கணக்குப்போட்டது. நாவலில் படுத்த படுக்கையான தாய் ஒரே வரியில் வந்துபோகிறாள். தங்கை என்று ஒருத்தி கிடையவே கிடையாது. என்னை எவ்வளவு சாமர்த்தியமாக வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று காலை மணி ஒன்பதரையைத் தாண்டியும் மேசையைவிட்டு எழவில்லை. கடலோர ஊரைத் தொடவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நூற்று எழுபத்திரண்டை மட்டும் புதிதாக எழுதினேன். மாடி அறை, ஜன்னல், தூக்கம். எதிர் மாடியில் புத்தகத்தோடு நடக்கிற ஒரு பெண். அவள் தலையைத் தூக்கவில்லை. அச்செடுத்து, மடிக்காமல் ஒரு கோப்புறையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் பேருந்தில் படிக்கப் புத்தகம் எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனேன். நான் பார்த்தே இராத கடைகள் நிறைய இருந்தன.

மருத்துவமனையில் ஒருவரும் இல்லை. அக்கா பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து, “என்னடி, பல்வலியா?” என்றாள்.

“நூத்தி நாப்பதுக்கு மேல புள்ளியே இல்லையே அக்கா.” ஆயிரம் சொல்ல இருந்தும் வாயில் வந்தது இதுதான்.

“டாக்டர் முந்தாநாளும் நேத்தும் லீவு. ஈ காக்கா வரல. எங்க புள்ளி வைக்கிறது?” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அந்த வாட்ச்காரன் நல்லாதான் இருக்கான். எனக்கே ஒரு மாதிரி பிடிச்சுப்போச்சு.”

“உன்கிட்ட கேட்டுட்டு எழுதியிருக்கணும்.”

“அதை இப்ப சொல்ற.”

“அப்பவே கேட்டிருக்கணும். முப்பது வருஷம் முன்னாடி.”

அவள் பென்சிலை எடுத்து மேசையின் விளிம்புக்கு இணையாக வைத்தாள். நான் கோப்புறையைத் திறந்து தாளை அவள் முன் நீட்டினேன்.

“இது அச்சுக்குப் போகணும்னு இல்ல. நீ வேண்டாம்னா பழைய பக்கமே இருக்கட்டும். இல்ல, புத்தகமே வேண்டாம்னாலும் சரி. படிச்சுட்டுச் சொல்லு.”

“சொல்றதில்லைன்னுதானே நமக்குள்ள பேச்சு?” என்றாள். ஆனால் தாளை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

அவள் என்னைப் படிப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. உதடு லேசாக அசைந்தது. முதல் பத்தியின் நடுவில் ஒருமுறை நின்று, மேலே போய்த் திரும்பப் படித்தாள். அப்போது கதவு திறந்தது. கன்னத்தைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தபடி ஒருவர் வந்தார். வீக்கம் கண்வரை ஏறியிருந்தது. “மேடம்...” என்று முனகினார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. இடது கையின் ஒரு விரலை மட்டும் அவரை நோக்கி உயர்த்தினாள். வலது கை மேசையைத் துழாவிப் பென்சிலை எடுத்துக்கொண்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்ற அந்தப் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.