எட்டு, எழுபத்தைந்து

இரண்டு நாளாக லாசரேட்டனின் படகுக்கு நேராகத் திரையில் இரண்டே எண்கள். வேகம் 8. பேட்டரி 75. இடம் என்ற கட்டம் மட்டும் காலி.

"நம்ம போனெல்லாம் மத்தியானத்துக்குள்ள செத்துடுது. லாசரேட்டனைப் பாருங்க, எழுபத்தஞ்சு வெச்சிருக்கார்," என்று என்னோடு வேலை பார்க்கும் சாஜு சேட்டன் ஜெசிந்தா சேச்சியைத் தேற்றினார். லாசரேட்டனின் மனைவி அவர். காலையிலேயே நீண்டகரையிலிருந்து கிளம்பி, கொல்லத்தில் படகுகளைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொடுத்த பாலில்லாத கட்டஞ்சாயாவைத் தொடவில்லை. படகில் ஆறு பேர். வெளியே புயலின் மிச்சக் காற்று.

"ஷைனி மோளே, எஞ்சின் நின்னுபோச்சுன்னு வயர்லெஸ்ல சொன்னாரே. நின்ன படகு எப்படி எட்டுல ஓடும்?"

"காத்து தள்ளும் சேச்சி," என்றார் சாஜு சேட்டன்.

"தள்ளட்டும். ரெண்டு நாளும் அதே எட்டா? காத்து என்ன கணக்கு வாத்தியாரா?"

திரையை என் பக்கம் திருப்பினேன்.

படகின் கருவி செயற்கைக்கோள் வழியாக ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அனுப்புவது இருபது பைட்கூட இருக்காது. பெயர் எதுவும் அதில் வராது; இடத்தை அடைக்கும். நான்காம் எண், அதன் மதிப்பு. ஐந்தாம் எண், அதன் மதிப்பு. எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது இங்கே எங்கள் பட்டியலில்தான் இருக்கும். பழைய பட்டியலில் நான்கு அட்சரேகை, ஐந்து தீர்க்கரேகை. போன வாரம் இரண்டையும் சேர்த்து வேறோர் எண்ணுக்கு மாற்றினேன். கைவிட்ட எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். பதினைந்தைத் தாண்டிய எண்ணுக்கு ஒரு பைட் கூடுதலாகச் செலவாகுமே என்று, வேகத்துக்கு நான்கையும் பேட்டரிக்கு ஐந்தையும் கொடுத்தேன். எல்லாப் படகிலும் கருவியைப் புதுப்பித்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டேன். லாசரேட்டனின் படகு அன்று கடலில் இருந்தது; அதன் கருவி இன்னும் பழைய எண்களிலேயே அனுப்புகிறது.

"சேச்சி, அது வேகமில்ல. அவங்க இருக்கிற இடம்."

"கர்த்தாவே! அப்போ தெரிஞ்சுபோச்சா?"

வேகத்துக்கும் பேட்டரிக்கும் முழு எண் போதும் என்று புள்ளிக்குப் பிந்தியதை வெட்டி எழுதச் செய்தவளும் நான்தான். எழுதி முடித்ததும் வந்த பைட்கள் அழிந்துவிடும். செயற்கைக்கோள்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொடுத்த பிறகு தாங்களும் வைத்திருப்பதில்லை என்றார்கள். அட்சரேகையிலோ தீர்க்கரேகையிலோ ஒரு முழு எண் என்பது நூற்றுப்பத்து கிலோமீட்டர் கடல். அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பழைய பட்டியலைத் திரும்ப ஏற்றினேன். அடுத்த செய்தி வந்தால் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியது, ஒன்றரை ஆகியும் வரவில்லை.

"அப்போ பேட்டரி நிஜமா எவ்வளவு இருக்கு?" சாஜு சேட்டன் காதருகே கேட்டார்.

"தெரியாது."

கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டேன்.

"கப்பல் ரெடியா நிக்குது. இடத்தைச் சொல்லுங்க," என்றார் அந்த அதிகாரி.

"எட்டு வடக்கு. எழுபத்தஞ்சு கிழக்கு."

"எழுதிட்டேன். எட்டு புள்ளி எத்தனை?"

ஜெசிந்தா சேச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் அதிகாரி காத்திருக்கும் மூச்சு கேட்டது.

"மேடம்? புள்ளி எத்தனை?"