தொண்ணூற்றாறு கிலோ

பல் கிளினிக்கின் வரவேற்பறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவதாக நுழைந்த பெருத்த உடம்புக்காரரைப் பார்த்ததுமே டாக்டரின் உதவியாளர் பெண்ணுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. பதின்மூன்று வருஷம் ஆனால் என்ன, அந்த மூஞ்சியை மறக்க அவளுக்கென்ன பைத்தியமா?

"ஈறுல ரத்தம் வருது. ரெண்டு பல்லு ஆடுது" என்றார் அவர்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் பொட்டலம் கட்டும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் அங்கே தொழிலாளி. வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் எடை எந்திரத்தை ஒட்டி நின்றுகொள்வார். எழுதுகிறவருக்குக் கேட்க வேண்டும் என்பது சாக்கு. ஒவ்வொருவர் எடையையும் ஊருக்கே கேட்கும்படி கூவுவார். அவள் ஏறியதும், "தொண்ணூத்தாறு. எந்திரம் தாங்குமாப்பா?" என்றார். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து லீவு கேட்டாலும் தொண்ணூத்தாறு, தண்ணீர் குடிக்கப் போனாலும் தொண்ணூத்தாறு.

பட்டப்பெயரோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். எடை பார்ப்பார்களே என்று பயந்து எட்டு வருஷம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. ஈறு வீங்கியது, சீழ் வைத்தது. உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். இந்த டாக்டரிடம் வந்து சேர்ந்தபோது எலும்பு கரைந்து நாலு பல் போயிருந்தது. "உடம்பு பெருத்தவங்களுக்கு ஈறு நோய் வர வாய்ப்பு அதிகம்மா. முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். பிறகு அவரிடமே வேலைக்குச் சேர்ந்தாள்.

இப்போது அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் எடை எழுபத்தெட்டு என்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எடை பார்க்கணும் சார்."

"அதான் எழுதியிருக்கேனே."

"டாக்டர் கேப்பாங்க. ஏறுங்க சார்."

எடை எந்திரம் உள்ளே திரைக்குப் பின்னால் இருக்கும். யாருடைய எண்ணையும் வாயால் சொல்லாமல் எழுத மட்டும் வேண்டும் என்பது அவளே போட்ட விதி. இன்று அதைத் தூக்கிவந்து வரவேற்பறையின் நடுவில் வைத்தாள். வேறு வழியில்லாமல் அவர் ஏறினார்.

"நூத்திப் பதினெட்டு" என்றாள், கடைசி நாற்காலி வரை கேட்கும்படி. "எந்திரம் தாங்கிடுச்சு சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் செத்துப்போனது. பொய் சொல்வானேன், அவளுக்கு நெஞ்சு நன்றாகவே குளிர்ந்தது.

"இப்படியா கத்துறது? யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் சார்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "தொண்ணூத்தாறு" என்றார் மெல்ல. அவள் பெயர் இன்றைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவள் முன்னால் போய் நின்று, மேல்வரிசையில் போட்டிருந்த பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"நானும் இப்படித்தான் சார் வெட்கப்பட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகல" என்றாள் பொக்கை வாயோடு. "போறதுன்னா போங்க. எனக்குச் சந்தோஷம்தான்."

அவர் அந்த நாலு பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு, எழுபத்தெட்டை அடித்துவிட்டு நூற்றுப் பதினெட்டு என்று எழுதினாள்.